சைக்காலஜி படிச்சா அடுத்தவர் மனசைப் படிக்க முடியுமா?

சைக்காலஜி படிக்கிறேன் என்று யாராவது சொன்னால் போதும், "அப்போ நான் இப்போ என்ன நினைக்கிறேன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்க ஒருத்தர் ரெடியாக இருப்பார். வேலைக்குப் போய்க்கொண்டே அடிப்படை உளவியல் படிக்கச் சேரும் பலருக்கும் உள்ளூர அதே ஆசைதான். மேனேஜரைப் புரிஞ்சுக்கணும், வீட்டில் இருப்பவரைப் புரிஞ்சுக்கணும்.

ஆனால், அறிமுக நிலைப் பாடம் முதலில் அவிழ்ப்பது அடுத்தவர் மனதை அல்ல, நம்முடையதை. அதுதான் அதன் உண்மையான லாபம்.

எல்லோருக்கும் ஒரே தாள்

1948-ல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை வைத்தார். பிறகு, 'இது உங்களைப் பற்றிய முடிவு' என்று ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. கடைசியில் பார்த்தால், எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள்! வெளியே உறுதியானவர், உள்ளே கவலைப்படுபவர் என்கிற மாதிரியான வரிகளில் பெரும்பகுதி ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ராசிபலனும் இன்ஸ்டாகிராம் பர்சனாலிட்டி டெஸ்ட்டும் 'அப்படியே நான்தான்' என்று தோன்றுவதற்குக் காரணம் புரிகிறதா?

'எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு'

1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் இருவரும் ஒரு கார் விபத்துப் படத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும், 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்று 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேள்வி. முதல் குழுவில் 7 பேர் ஆமாம் என்றார்கள், இரண்டாவது குழுவில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. கேள்வியில் ஒரு சொல் மாறினால் நினைவே மாறுகிறது. அடுத்த முறை சண்டையில் 'நீ அப்படித்தான் சொன்னே' என்று அடித்துப் பேசும் முன் இதை யோசிக்கலாம்.

தாண்டிப் போகக் கூடாத பாடம்

ஃபிராய்டு, கனவு, ஆளுமை என்று சுவாரஸ்யமான பக்கங்களுக்கு ஓடும் அவசரத்தில் பலரும் 'ஆய்வு முறைகள்' பாடத்தைத் தள்ளிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கோர்ஸின் உயிரே அதுதான். வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்த முடிவுகள் 2015-ல் வந்தன. அசல் ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் ரீதியாகத் தேறியிருந்தன, மறு ஆய்வில் தேறியது 36 சதவீதம்தான். 'அப்போ இது அறிவியலே இல்லை' என்பார்கள் சிலர். நான் அப்படிப் பார்க்கவில்லை. தன் தவறைத் தானே தேடி ஊரறியச் சொல்லும் துறையை இன்னும் கொஞ்சம் நம்பலாம். 60 விநாடி ரீல்ஸ் அப்படிச் செய்யாது.

ஆகவே எதைப் படித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை பேரிடம் செய்தார்கள், அவர்கள் யார், வேறு யாராவது செய்து பார்த்தார்களா? ஆய்வுகளில் பெரும்பாலானவை மேற்கத்திய நாடுகளின் மாணவர்களை வைத்து நடந்தவை என்ற விமர்சனம் 2010 முதல் பலமாக ஒலிக்கிறது. மாமியார், மாமனார், நாத்தனாரோடு வாழும் வீட்டுக்கு அது அப்படியே பொருந்துமா என்பது நாம் கேட்க வேண்டிய கேள்வி.

லேபிள் ஒட்டும் ஆபத்து

இந்தச் சந்தேகம் வராமல் சொற்களை மட்டும் கற்றால்தான் சிக்கல். ஒரு தடவை கத்திய மேனேஜர் 'நார்சிஸிஸ்ட்', மேசையை அடுக்கி வைக்கும் தோழிக்கு 'ஓசிடி'. ஓசிடி என்பது சுத்தம் பிடிக்கும் பழக்கம் அல்ல. வேண்டாத எண்ணங்களும் செய்தே தீர வேண்டிய செயல்களும் ஒருவரின் நாளையே விழுங்கும் நோய். அதை விளையாட்டாகச் சொல்லிச் சொல்லியே, நிஜமாக அவதிப்படுபவர் வாய் திறக்க முடியாமல் செய்துவிடுகிறோம்.

அடிப்படைப் பாடம் முடித்தவர் ஆலோசகர் ஆகிவிட மாட்டார். நம் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு தேவை. நண்பர் தவிக்கிறார் என்றால் நோய்ப் பெயர் சூட்ட வேண்டாம். காது கொடுத்துக் கேளுங்கள், 14416 என்ற டெலி மானஸ் இலவச உதவி எண்ணைக் கொடுங்கள்.

தாராளமாகப் படியுங்கள். படித்து முடித்ததும் அடுத்தவரைப் பற்றி முன்பைவிடக் கொஞ்சம் தயங்கித் தீர்ப்பு சொல்கிறீர்கள் என்றால், பாடம் உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.