பவளத்துக்குள் ஒரு தேர்ச்சக்கரம்

ஹைதராபாத் மாதாப்பூரில் எனக்குப் பக்கத்து அறையில் தங்கியிருக்கும் திருநெல்வேலித் தம்பி, நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு ஆவணப்படத்தைக் காட்டினார். செங்கடலுக்கு அடியில் பவளம் மூடிய வட்டங்கள். மோசேயைத் துரத்திவந்த பார்வோனின் தேர்ச்சக்கரங்கள் என்றது பின்னணிக் குரல். “அண்ணே, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?” என்றார். ஜெபிக்காமல் சாப்பிட உட்காராத பிள்ளை அவர். ஒப்புக்குத் தலையாட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

சக்கரக் கதையைப் பரப்பியவர் ரான் வயட் என்ற அமெரிக்கர். மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுக்கும் செவிலியர். 1978 முதல் செங்கடலின் கிளையான அகாபா வளைகுடாவில் மூழ்கிப் பார்த்ததாகச் சொன்னார், 1999இல் இறந்தார். ஆய்வாளர்கள் பரிசோதித்து உறுதிசெய்த சக்கரம் ஒன்றுகூட இன்றுவரை கிடையாது.

இதோடு தமிழ்நாட்டின் கீழடி அகழாய்வை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிமப் பொருளை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 580 என்று முடிவு வந்தது. ஆழமும் காலமும் 2019 அறிக்கையில் அச்சாயின. அதன் பிறகும் நம்மை விடாமல் கேள்வி கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். கடலடிச் சக்கரத்துக்கு மட்டும் அந்தக் கேள்விகள் ஏன் கூடாது?

அதற்காக விவிலியத்தின் உலகம் தடயமே இல்லாமல் போய்விடவில்லை. இயேசுவுக்கு மரண தண்டனை விதித்த ரோமானிய ஆளுநர் பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961இல் செசரியாவில் கிடைத்தது. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று, இயேசுவின் சீடர் தோமாவின் கதையில் இருக்கிறது. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘தோமாவின் நடபடிகள்’ என்ற சிரியாக் நூலில், கோண்டோபரஸ் என்ற இந்திய அரசன் அரண்மனை கட்டத் தோமாவிடம் பணம் தருகிறான். அவர் அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அப்படி ஓர் அரசனே இல்லை, கட்டுக்கதை என்று பலர் நினைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் அவன் நாணயங்கள் கிடைத்தன. தக்த்-இ-பாகி கல்வெட்டு அவன் ஆட்சியைக் கி.பி. முதல் நூற்றாண்டில், தோமாவின் காலத்திலேயே, கொண்டுபோய் வைத்தது.

நாணயம் அரசனை மீட்டுத் தந்தது. தோமா அவன்முன் நின்றாரா என்பதற்கு அது சாட்சி சொல்லாது. கேரளத்தின் பட்டணம் அகழாய்வில் கிடைத்த ரோமானிய மதுச்சாடிகளும் அப்படித்தான். மேற்கிலிருந்து கப்பல் வந்ததைச் சொல்லும். கப்பலில் யார் இருந்தார் என்று சொல்லாது. இந்த இடைவெளியைத்தான் ஆவணப்படங்கள் பின்னணி இசையால் நிரப்பிவிடுகின்றன. நாளை அந்தச் சக்கரம் வெறும் பவளம் என்று தெரிந்தால், அதில் தன் விசுவாசத்தைக் கட்டிவைத்த தம்பி என்ன ஆவார்? படம் எடுத்தவர்கள்மேல் எனக்குள்ள கோபம் இதுதான்.

சென்னைப் பரங்கிமலையில் 1547இல் போர்த்துகீசியர் அஸ்திவாரம் தோண்டும்போது கற்சிலுவை ஒன்று வெளிப்பட்டது. தோமாவே செதுக்கியது என்பது மரபு. அதைச் சுற்றியிருப்பதோ பஹ்லவி என்ற பாரசீக எழுத்து; தோமாவுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்பது அறிஞர்களின் கணிப்பு. அப்படியானால் பாரசீக எழுத்தில் பிரார்த்தனை பொறித்த கிறிஸ்தவர்கள் நம் கரையில் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் யார், எந்தத் துறையில் இறங்கினார்கள், யாரைக் கல்யாணம் செய்தார்கள்? இதை யாராவது படமாக எடுத்தால், தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுதாகப் பார்ப்பேன்.