எடுக்காதவன் ஏன் கையெழுத்துப் போடுகிறான்?

எங்கள் பகுதியில் ஒரு தோட்டத்து ஸ்டோரில் இரண்டு உரமூட்டை குறைந்துபோனது. காலையில் பெரட்டுக்கு வந்த ஓர் இளம் தொழிலாளியை மலைக்கு அனுப்பாமல் ஆபிஸ் வராந்தாவில் நிறுத்தி வைத்தார்கள். அன்றைய பேர் போச்சு. பகல் பன்னிரண்டு மணி வரை தண்ணீர் கூட இல்லை. பிறகு ஒரு கடுதாசி வந்தது. முழுக்கச் சிங்களம். "போட்டுட்டுப் போ தம்பி, பொலிசுக்குப் போகாம இங்கயே முடிச்சிக்கலாம்" என்றார்கள். போட்டான். மறுநாள் காலை பொலிஸ் ஜீப் லயத்து வாசலில் நின்றது. அந்தக் கடுதாசியும் பொலிசுக்குப் போயிருந்தது.

இதைவிட எங்களுக்கு வலித்தது கமிட்டிக் கூட்டத்தில் கேட்ட பேச்சுத்தான். "எடுக்காதவன் ஏன் கையெழுத்துப் போடுறான்?" என்று கேட்டவர் துரையில்லை, கிளாக்கரும் இல்லை. நம்முடைய தலைவர் ஒருவரே கேட்டார்.

தலைவரே, ஏன் போடுகிறான் என்று உங்களுக்குத் தெரியாதா? வேலையும் தோட்டத்துடையது, அவன் படுக்கும் லயத்துக் காம்பிராவும் தோட்டத்துடையது. இரண்டையும் ஒரே வார்த்தையில் பறிக்கக்கூடியவர் எதிரே உட்கார்ந்து பேனாவை நீட்டுகிறார். 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அதற்கு முன் துண்டுக் கடுதாசி இல்லாதவனை வேறு தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். கடுதாசிக்குப் பயப்படும் பழக்கம் நமக்கு அங்கிருந்து வந்தது. இன்னும் போகவில்லை.

பயத்தில் வந்த ஒப்புதல் உண்மையாகாது என்பதை நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில், 1895இல் வந்த சாட்சியக் கட்டளைச் சட்டமே அதைச் சொல்கிறது. அதன் 24ஆம் பிரிவின்படி, அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் மிரட்டியோ ஆசை காட்டியோ வாக்குறுதி கொடுத்தோ பெற்ற குற்ற ஒப்புதல் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால், குற்ற வழக்கில் அதைச் சாட்சியமாக எடுக்கமுடியாது. 25ஆம் பிரிவு இன்னும் கண்டிப்பானது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த ஒப்புதலை, செய்தவனுக்கு எதிராக நிரூபிக்கவே கூடாது. அடித்தார்களா, அன்பாகக் கேட்டார்களா என்ற கேள்வியே அங்கு எழாது. பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறு யாரிடம் ஒப்புக்கொண்டாலும், நீதவான் நேரில் இருந்தாலொழிய அதுவும் செல்லாது. இது 26ஆம் பிரிவு.

நம்மவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்றும் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. விறகு வெட்டியதாக வன இலாகா பிடித்தாலும், கசிப்பு என்று மதுவரி உத்தியோகத்தர் பிடித்தாலும், அந்தந்தச் சட்டத்துக் குற்றத்தைப் பற்றி அவர்களிடம் சொன்ன ஒப்புதலுக்கும் இதே தடை உண்டு. மலைநாட்டில் எத்தனை வழக்கு இந்த இரண்டிலும் வருகிறது என்று நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு. காவலில் இருப்பவன் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேராகத் தொடர்புள்ள அளவு பேச்சை மட்டும் 27ஆம் பிரிவு உள்ளே விடுகிறது. பொருள் இருந்த இடம் அவனுக்குத் தெரியும் என்பதைத்தான் அது காட்டும். அவன்தான் திருடினான் என்று அது காட்டாது.

அப்படியென்றால் உரமூட்டைக் கடுதாசி என்னவாகும்? சிக்கல் இங்கேதான். துரை பொலிஸ் இல்லை. ஆகவே 25ஆம் பிரிவு அந்தக் கடுதாசியைத் தானாகத் தடுக்காது. துரை 'அதிகாரத்தில் உள்ளவர்', பொலிசுக்குப் போகமாட்டோம் என்று ஆசை காட்டித்தான் வாங்கினார் என்று 24ஆம் பிரிவின் கீழ் சட்டத்தரணி வாதாடவேண்டும். ஏற்பதும் விடுவதும் நீதிமன்றத்தின் கையில். குற்ற வழக்கில் தப்பினாலும் வேலை நீக்க வழக்கு தொழில் நியாய சபைக்குப் போகும். அந்தச் சபையைச் சாட்சியக் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று கைத்தொழில் பிணக்குகள் சட்டமே சொல்கிறது. பொலிஸ் நிலையத்தில் சொன்னது செல்லாமல் போகலாம். ஆபிஸ் வராந்தாவில் போட்ட கையெழுத்து வேலையைத் தின்றுவிடலாம். தோட்டத்தில் கடுதாசிக்கு ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

இன்னொரு பழக்கமும் நம்மிடையே இருக்கிறது. "குத்தத்த ஒப்புக்கிட்டு தண்டப்பணத்தக் கட்டிட்டு வா, கோட்டுக்கு அலைஞ்சா எத்தன நாள் பேர் போகும்?" என்று நாமே சொல்லி அனுப்புகிறோம். நீதவான் முன் 'குற்றவாளி' என்று சொல்வது வேறு விஷயம், தோழர்களே. மேலே சொன்ன பிரிவுகள் எதுவும் அதற்கு உதவிக்கு வராது. தண்டப்பணத்தோடு அது முடிவதும் இல்லை. வெளிநாடு போகப் பொலிஸ் சான்றிதழ் கேட்கும் நாளில் அந்தப் பதிவு எழுந்து நிற்கும். இந்த யோசனையைச் சொல்லும் தலைவர்கள், அந்த ஒரு நாள் பேருக்கான பணத்தைச் சங்கம் தரவேண்டும் என்று கேட்டிருந்தால் எவ்வளவோ நல்லது. மாதாமாதம் சந்தா அறவிடுவது எதற்கு?

இந்த 1895ஆம் ஆண்டுப் பாதுகாப்பும் எல்லோருக்கும் இல்லை. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் கொடுத்த ஒப்புதலை உள்ளே எடுக்கிறது. மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு மிரட்டப்பட்டவன் தலையில். பூட்டிய அறையில் நடந்ததற்கு அவன் யாரைச் சாட்சிக்கு அழைப்பான்?

சிங்கராசா வழக்கு நாடறிந்தது. 1993இல் மட்டக்களப்பில் கைதானவர், தமிழ் மட்டுமே பேசத் தெரிந்தவர். ஒப்புதல் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அதில் அவருடைய பெருவிரல் அடையாளம். அந்த ஒப்புதலை மட்டும் வைத்து 1995இல் மேல் நீதிமன்றம் 50 வருடச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. நிரூபிக்கும் பாரத்தை அவர்மேல் போட்டது நியாயமான விசாரணை அல்ல என்று ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004இல் சொன்னது. அந்தக் கருத்து இந்த நாட்டைக் கட்டுப்படுத்தாது என்று உயர் நீதிமன்றம் 2006இல் தள்ளிவிட்டது. இதே சட்டம் நம் லயங்களுக்குள்ளும் வந்திருக்கிறது. எந்த வீட்டுப் பிள்ளை எத்தனை வருடம் உள்ளே இருந்தான் என்று பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். 2022இல் இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். 16ஆம் பிரிவில் மட்டும் கைவைக்கவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் நம் மேடைக்கு வருபவர்களிடம் சம்பளத்தோடு சேர்த்து இந்தப் பிரிவையும் கேட்கவேண்டும். பெயரை மாற்றிப் புதுச் சட்டம் கொண்டுவந்தால், பொலிசிடம் கொடுத்த ஒப்புதல் அதற்குள் ஒளிந்திருக்கிறதா என்று முதலில் தேடவேண்டும்.

பிடித்துக்கொண்டு போய் அடித்தால் சும்மா இருக்காதீர்கள். சித்திரவதை 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம், குறைந்தது 7 வருடச் சிறை. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் தவணை. காயத்தை அன்றே டாக்டரிடம் காட்டிப் பதியவேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் கூப்பிடலாம்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் வாசிக்காமல் பேர் எழுதாதே என்றுதான் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளையின் அப்பாவை விளங்காத பாஷையில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். தமிழில் வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்பது சண்டித்தனம் இல்லை. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. ஆபிசுக்குக் கூப்பிட்டால் தனியே போகவேண்டாம், தலைவரையோ தலைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள். கூப்பிட்டால் வரமறுக்கும் தலைவர் யாரென்று எங்களுக்கு எழுதுங்கள்.

அந்தத் தம்பிக்கு வழக்குப் பேசச் சட்டத்தரணி ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கடுதாசியில் என்ன எழுதியிருந்தது என்று அவர்தான் முதல்முறையாக அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். இரண்டு மூட்டை என்று வழக்கு. கடுதாசியில் ஐந்து என்று இருந்ததாம்.