வலி அடங்கினால் போதுமா?

போன மாதம் ஒரு வேளாண் கண்காட்சிக்குப் போயிருந்தேன். விதைக் கடைகளை விட ஒரு மின்கருவிக் கடையில்தான் கூட்டம். இடுப்பிலும் முழங்காலிலும் ஒட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. "பதினைஞ்சு நிமிஷம் போடுங்கய்யா, தேய்ஞ்ச எலும்புகூட சரியாயிடும்" என்றார் விற்றவர். ஒட்டிப் பார்த்தேன். எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுவென்று இருந்தது. வலி கொஞ்சம் அடங்கியதும் உண்மைதான். வாங்கிவிட்டேன்.

மூன்று நாள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டே வரப்பு வெட்டினேன். நாலாம் நாள் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. 'போதும், நிறுத்து' என்று உடம்பு சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை.

இந்தக் கருவிக்கு டென்ஸ் என்று பெயர். மந்திரம் ஒன்றுமில்லை. கால் இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோமே, அதே சங்கதிதான். தொடு உணர்வு போகும்போது, தண்டுவடத்தில் வலிச் செய்திக்கான கதவு ஓரளவு சாத்திக்கொள்கிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு அறிவியலாளர்கள் சொன்னார்கள். லேசான மின்துடிப்பு அந்தத் தேய்ப்பு வேலையைச் செய்கிறது. சிலருக்குக் கொஞ்ச நேரம் சுகம் கிடைக்கும். எலும்பு வளராது, சவ்வும் சேராது. இங்கிலாந்தின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டி அமைப்பு, இடுப்புவலிக்கு இதைத் தர வேண்டாம் என்றே 2016இல் சொல்லிவிட்டது.

பூச்சி வந்தால் மருந்தடிக்காதே, ஏன் வந்தது என்று பார் என்கிறோம். நம்ம இடுப்புக்கு மட்டும் அந்த நியாயம் கிடையாதா?

களைக்கொல்லி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். சரியான முடிவு. ஆனால் அந்தக் களையை நாள் முழுக்கக் குனிந்து பிடுங்குவது யார்? பெரும்பாலும் நம்ம வீட்டுப் பெண்களும் கூலிக்கு வரும் அக்காமார்களும்தான். மண்புழுவைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நம் கூட்டங்களில், அவர்கள் முதுகைப் பற்றி ஒரு தடவையாவது பேசியிருக்கிறோமா?

செய்ய வழி இருக்கிறது. மூடாக்கு போட்டால் களை குறையும், குனிவதும் குறையும். வரிசை நடவு செய்த வயலில் நின்றபடியே கோனோவீடர் தள்ளலாம். கைப்பிடி தள்ளுபவரின் உயரத்துக்கு இருக்கணும். தனியாக வாங்க முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து வாங்கலாம். ஜீவாமிர்தத்தைக் குடம் குடமாகச் சுமக்காமல் வாய்க்கால் தண்ணீரோடு கலந்து விடலாம். 16 லிட்டர் தெளிப்பான் நிறைந்தால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. பாதி நிரப்பி இரண்டு நடை போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. வேலை முடிந்து ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது போட்டுக்கொள்ளுங்கள். வண்டி, டிராக்டர் ஓட்டும்போது வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கழுத்தின் முன்பக்கமும் புண் உள்ள இடத்திலும் ஒட்டக் கூடாது. இடுப்புவலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுக்குள் நிற்காவிட்டாலோ கருவியைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என் கருவி இப்போது அலமாரியில் இருக்கிறது, ராத்திரியில் எப்போதாவது எடுப்பேன். பகலில், இடுப்பு 'போதும்' என்றால் மண்வெட்டியைக் கீழே வைத்துவிடுகிறேன். நிலம் ஓய்வு கேட்டால் கொடுக்கிறோம். உழுகிறவன் உடம்புக்கும் கொடுப்போமே.