கதைமாந்தர் சாட்சிக் கூண்டில் நிற்பவரல்லர்

நெல் வாங்குவோன் சாக்கின் மேல் எழுதப்பட்டிருப்பதை வாசித்துவிட்டு விலை பேசுவதில்லை. உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளுகிறான். ஊதிப் பதர் எவ்வளவு என்று பார்க்கிறான். ஒரு மணியைப் பல்லிடை வைத்துக் கடித்து ஈரம் அறிகிறான். அதன் பின்னரே விலை. வைத்தியரும் நோயாளியின் கட்சியை விசாரித்துவிட்டு நாடி பார்ப்பதில்லை. தத்தம் தொழிலில் இத்துணை நிதானம் காட்டும் நம் மக்கள், ஒரு நாவலைக் கையில் எடுத்ததும் அதனை மறந்துவிடுகின்றனர். "எழுதியவர் எந்தப் பக்கம்?" என்ற கேள்வி ஒன்றே எழுகிறது. விடை கிடைத்ததும் நூல் மூடப்படுகிறது. இப்பழக்கம் எழுத்தாளருக்கு இழைக்கும் தீங்கிலும், நமக்கு நாமே இழைத்துக்கொள்ளும் தீங்கு பெரிது என்பதே எமது கருத்து.

போர் 2009 இல் முடிந்த பின்னர், அதனைப் பொருளாகக் கொண்ட நாவல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் பல வெளிவந்துள்ளன. நம்மவர் இருவர் ஆங்கிலத்தில் எழுதிய இரண்டினை இங்கே எடுத்துக்கொள்வோம். ஒன்று, கொழும்பிற் பிறந்த அனுக் அருட்பிரகாசம் எழுதிய 'ஏ பாசேஜ் நோர்த்'. வடக்கு நோக்கிய பயணம் என்பது பொருள். 2021 இல் வெளிவந்த இந்நூல் அவ்வாண்டின் புக்கர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. மற்றது, ஈழத்தமிழ் வழிவந்த அமெரிக்க எழுத்தாளர் வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்'. உடன்பிறந்தாரை இழந்த இரவு எனலாம். 2023 இல் வெளிவந்து, 2024 இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்றது. பரிசை முன்னிட்டு நாம் இவற்றைத் தெரிந்தெடுக்கவில்லை. ஒரே துயரை இரு வேறு வாசல்கள் வழியே அணுகுவன ஆதலின், பாத்திரம், பொருள், உணர்ச்சிநிலை ஆகிய மூன்றையும் நிறுத்துப் பார்க்க இவை வாய்ப்பானவை.

முதலாவது நூலின் நாயகன் கிரிஷான், போரின் இறுதிக் காலத்தில் டில்லியில் படித்துக்கொண்டிருந்தவன். அழிவு நேர்ந்தபோது அவன் அங்கு இல்லை. படங்களிலும் செய்திகளிலும் மட்டுமே அதனைக் கண்டவன். அவனுடைய அப்பம்மாவைப் பராமரிக்க வடக்கிலிருந்து வந்திருந்தவள் ராணி. போரில் இரு புதல்வரையும் பறிகொடுத்த தாய். ஊருக்குப் போயிருந்த ராணி கிணற்றில் விழுந்து இறந்தாள் என்று தொலைபேசியிற் செய்தி வருகிறது. கிரிஷான் புகைவண்டியேறிக் கிளிநொச்சிப் பக்கம் சென்று ஈமக்கிரியையிற் கலந்துகொள்கிறான். வெளிப்படையான நிகழ்ச்சி இவ்வளவே.

இவன் நல்லவனா, தீயவனா, எப்பக்கத்தான் என்று கேட்டால் நூல் வாய் திறவாது. தப்பியிருந்தவன் துன்பப்பட்டவனுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான் என்று கேட்டால், ஒவ்வொரு பக்கமும் பேசத் தொடங்கும். பெரியபுராணத்துப் பூசலார் நாயனாரை ஆசிரியர் இந்நூலில் நினைவுகூர்கிறார். பொருள் கிட்டாமையால் மனத்துள்ளேயே சிவனுக்குக் கோயில் எழுப்பியவர் பூசலார். கண்ணாற் காணாத அழிவை இடம் இடமாக, நாள் நாளாக மனத்தில் அடுக்கும் கிரிஷானும், பெயரறியாது மடிந்தோருக்கு அத்தகைய கோயில் ஒன்றையே கட்ட முயல்கிறான். கொழும்பிலும் இலண்டனிலும் தொறொன்ரோவிலும் வாழும் எத்தனை தமிழர் இக்கோயிலைத் தம் நெஞ்சிற் சுமக்கின்றனர்!

குறையும் கூறுவோம். ராணியின் குரலை நாம் நேரே கேட்பது அரிது. அவளை இவ்விளைஞனின் சிந்தனை வழியாகவே காண்கிறோம். சில பக்கங்களில் அச்சிந்தனை மிக உயரச் சென்று நிலம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆயினும் ஒரு நேர்மையை மறுப்பதற்கில்லை. அவள் கிணற்றில் விழுந்தது தவறியா, தானே விரும்பியா என்பதை ஆசிரியர் முடிவுகட்டவில்லை. பிறருடைய துயரின் அடியாழம் தமக்குத் தெரியும் என்று அவர் பாசாங்கு செய்யவில்லை.

இரண்டாவது நூலின் நாயகி சஷி அழிவின் நடுவே நின்றவள். 1981 இல் யாழ்ப்பாணத்தில் பதினாறு வயதுப் பெண். வைத்தியராக வேண்டும் என்பது கனவு. கொதிநீர் மேலே கொட்டித் துடிக்கையில், சைக்கிளில் வந்த அயல்வீட்டு இளைஞன் ஒருவன் ஓடிவந்து முட்டையை உடைத்துக் காயத்தின் மேல் ஊற்றுகிறான். அவனும் வைத்தியம் படிக்க விரும்பியவன். 1983 ஆடிக் கலவரத்தில் மூத்த அண்ணன் கொழும்பிற் கொல்லப்படுகிறான். மற்றை அண்ணன்மார் இருவர் இயக்கத்திற் சேருகின்றனர். அந்த இளைஞனும் சேருகிறான். பின்னர் உண்ணாவிரதமிருந்து உயிர் துறக்கத் துணிகிறான். 1987 இல் நல்லூரில் திலீபன் இருந்த விரதத்தை எவர்க்கும் இது நினைவூட்டும்.

சஷி இயக்கத்தின் வைத்திய நிலையத்திற் காயங்களுக்கு மருந்திடுகிறாள். இயக்கத்தின் செயல்கள் பலவற்றை ஏற்க மறுக்கிறாள். இராணுவமும் இந்தியப் படையும் இயக்கமும் செய்த கொடுமைகளை ஒருங்கே எழுதிவைக்கும் பேராசிரியை ஒருத்திக்குத் துணை நிற்கிறாள். 1989 இல் கொல்லப்பட்ட உடற்கூற்றியல் பேராசிரியை ராஜினி திராணகமவின் சாயல் அப்பாத்திரத்தில் உண்டு. இவளை ஆதரவாளர் என்பதா, எதிர்ப்பாளர் என்பதா? இரண்டு சொல்லும் அவளுக்குப் பொருந்தா. ஒரே நெஞ்சில் பாசமும் மறுப்பும் குடியிருக்க முடியும் என்பதே இந்நூலின் பொருள். அண்ணனை இயக்கத்துக்குக் கொடுத்த எந்த வீட்டிலும் இதற்கு விளக்கம் தேவையில்லை. பயங்கரவாதி என்ற சொல்லை வாசகர் எளிதாக விழுங்கிவிடாதபடி நூலின் தொடக்கத்திலேயே அவள் தடுத்து நிறுத்துவதும் இதனாலேயே.

இனி உணர்ச்சிநிலை. முதல் நூலில் நேர்ப் பேச்சு இல்லை. வாக்கியங்கள் நீண்டு செல்கின்றன. செத்தவீட்டில் பறையோசை அடங்கிய பின் முற்றத்தில் எஞ்சும் அமைதி அதில் நிலவுகிறது. இரண்டாவதிலோ அடுப்படியும் பாடப்புத்தகமும் சைக்கிளும் நிறைந்த வீடு முதலில் வருகிறது. பின்னர் ஆள் ஆளாக அவ்வீடு வெறுமையாகிறது. சாப்பாட்டு நேரத்தில் குறையும் தட்டுகளை எண்ணும் அச்சம் அதில் உண்டு. ஒன்று இழந்தபின் வரும் மௌனம். மற்றது இழந்துகொண்டிருக்கும்போது உள்ள படபடப்பு. இவ்விரண்டையும் வரலாற்று நூல் நமக்கு அறிவிக்கலாம். உணர்த்துவது நாவலின் தொழில்.

"உண்மைக்குச் சாட்சி வேண்டிய காலத்தில் உணர்ச்சிநிலை பற்றிய ஆராய்ச்சி எதற்கு?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கேட்கும் விடையை எந்த நாவலும் தராது. அதற்கு விசாரணையும் ஆவணமும் வேண்டும். அப்பொறுப்பை நாவலின் தலையிற் சுமத்துவோர் இரண்டையும் கெடுக்கின்றனர். சாட்சிக் கூண்டில் நிற்பவர் ஆம் அல்லது இல்லை என்று விடையளிக்கக் கடமைப்பட்டவர். ராணியின் மரணத்தையோ சஷியின் மனத்தையோ அவ்விரு சொற்களுள் அடக்க இயலாது. அவ்வாறு அடங்காதவற்றைக் காப்பதற்கே கதை இருக்கிறது. பக்கம் பார்த்தே நாம் வாசித்தால், எழுதுவோரும் பக்கம் பார்த்தே எழுதுவர். அப்பொழுது நம் பிள்ளைகளுக்குப் பெயர்ப்பட்டியலும் முழக்கமும் எஞ்சும், மனிதர் எஞ்சமாட்டார்.

ஆங்கிலம் கற்ற ஆசிரியரும் வழக்கறிஞரும் வைத்தியரும் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. தம் ஊர் வாசிகசாலையில், சனசமூக நிலையத்தில், இத்தகைய நூல்களின் கதையைத் தமிழில் எடுத்துரைக்கலாம். தோட்டத்தில் இறைப்பு முடித்து வந்திருக்கும் பெரியவர் கேட்கட்டும். பிள்ளையை இழந்த தாய் கேட்கட்டும். இவன் எத்தகைய மனிதன், கதை எதனைக் கேட்கிறது, கேட்டு முடித்ததும் மனத்தில் எது தங்குகிறது என்னும் மூன்று கேள்விகளையும் அவர்களிடம் வைப்போம். ராணியை நேரிற் கண்டவர்கள் அச்சபையில் இருப்பர். நூலாசிரியர் எங்கே சரியாக எழுதினார், எங்கே தவறினார் என்பதைச் சொல்ல அவர்களிலும் தகுதியுடையோர் எவர்? எந்தப் பக்கம் என்ற கேள்வியை அதற்குப் பின்னர் வேண்டுமானால் கேட்டுக்கொள்ளலாம்.