போதும்பொண்ணு!

பள்ளிக்கூடத்தில் முதல் நாள். ஆசிரியை ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார்.

"மீனாட்சி!"

"உள்ளேன், டீச்சர்."

"போதும்பொண்ணு!"

வகுப்பு முழுவதும் சிரிக்கிறது. ஒரு சிறுமி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து நிற்கிறாள். அவள் என்ன தப்பு செய்தாள்? ஒன்றும் இல்லை. பெண்ணாகப் பிறந்தாள். அவ்வளவுதான்!

இப்படியும் ஒரு பெயரா என்று பட்டணத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். கிராமங்களில் இது பழைய பெயர். "போதுமணி" என்றும் வைப்பார்கள். திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் "வேண்டாம்" என்றே பெண்களுக்குப் பெயர் உண்டு.

காரணம் என்ன?

வீட்டில் இரண்டு, மூன்று பெண்கள் வரிசையாகப் பிறந்துவிடும். அடுத்ததும் பெண். "பெண் பிறந்தது போதும், சாமி! இனி ஆணைக் கொடு" என்று வேண்டிக்கொண்டு, அந்த வேண்டுதலையே குழந்தைக்குப் பெயராக வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தால் அடுத்தது ஆண் பிறக்கும் என்பது நம்பிக்கை.

சில வீடுகளில் இதையே நயமாகச் செய்வார்கள். கடைசிப் பெண்ணுக்கு "மங்களம்" என்று பெயர் வைப்பார்கள். கச்சேரியை மங்களம் பாடித்தானே முடிப்பார்கள்! "சம்பூர்ணம்" என்றும் வைப்பதுண்டு. கேட்க இனிமையாக இருக்கும். அங்கும் உள்ளே இருப்பது அதே "போதும்"தான்.

குப்பம்மாள் கதை வேறு

"குப்பம்மாள், பிச்சையம்மாள் என்றும் வைக்கிறார்களே! அதுவும் கேவலம்தானே?" என்று சிலர் கேட்பார்கள்.

இல்லை. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் வைத்த பெயர்கள் அவை. குழந்தையைக் குப்பையில் போட்டு எடுப்பார்கள். "இது எங்கள் குழந்தை அல்ல, பிச்சையாகக் கிடைத்தது" என்று சொல்லி எமனை ஏமாற்றப் பார்ப்பார்கள். இந்தக் குழந்தையாவது தங்கட்டும் என்ற தவிப்பு அது. ஆணுக்கும் அப்படிப் பெயர் வைத்தார்கள்.

குப்பம்மாள் என்ற பெயர், "நீ இரு, தாயே" என்கிறது. போதும்பொண்ணு என்ற பெயரோ, அவளைப் பார்த்து வைத்ததே அல்ல. இன்னும் பிறக்காத தம்பியைப் பார்த்து வைத்த பெயர். அதை ஆயுள் முழுவதும் சுமப்பவள் மட்டும் அவள்!

யாரைக் குறை சொல்வது?

பெற்றவளை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. "ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி ஆவான்" என்ற ஊரில் அவள் வாழ்ந்தாள். சீர் செய்யவேண்டும். நகை போடவேண்டும். கொள்ளி வைக்க மகன் வேண்டும். நிலமும் மகனுக்கே போகும். அந்தப் பயம்தான் பெயராக மாறியது.

சட்டம் இன்று மாறிவிட்டது. வரதட்சணை கேட்பது 1961 முதல் குற்றம். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2005-ல் அது நாடு முழுவதும் வந்தது.

ஆனால் மனம் முழுவதும் மாறவில்லை. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில், தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் 1,000 பேர் என்றால், பெண் குழந்தைகள் 943 பேர்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனிடமிருந்து வரும் உயிரணு. தாய் அல்ல. பெயர் நிச்சயமாக அல்ல!

மாற்ற முடியும்

மராட்டிய மாநிலத்திலும் இந்தப் பழக்கம் உண்டு. அங்கே "நகுஷி" என்பார்கள். வேண்டாதவள் என்று பொருள். 2011-ல் சத்தாரா மாவட்டத்தில் விழா நடத்தி 285 சிறுமிகளுக்குப் புதுப்பெயர் வைத்தார்கள். நாமும் செய்யலாம். வயது வந்தவர்கள் அரசிதழில் அறிவித்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்தப் பெயரோடு நாற்று நட்டு, பிள்ளைகளைப் படிக்கவைத்து, குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பாட்டிமார்கள் இருக்கிறார்கள். "இந்த ஒரு பெண் போதும், இந்த வீட்டுக்கு" என்று அவர்கள் தங்கள் பெயருக்குப் புதுப்பொருள் கொடுத்துவிட்டார்கள். அது அவர்கள் பெருமை. பெயர் வைத்தவர்களின் பெருமை அல்ல.

உங்கள் வீட்டில் பெண் பிறந்திருக்கிறதா? தொட்டிலில் கிடப்பவளின் முகத்தைப் பாருங்கள். அவளுக்காக ஒரு பெயர் வையுங்கள். நாளைக்கு ஆசிரியை கூப்பிடும்போது, தலை நிமிர்ந்து "உள்ளேன்" என்று அவள் சொல்லட்டும்!