இரண்டாம் இடத்துக்கும் ஆசிய வாய்ப்பு

மலேசிய சூப்பர் லீக் பட்டத்தை 2014 தொடங்கி 2024/25 வரை ஜேடிடியே விடாமல் வென்றது. அதனால் லீக்கில் சுவாரசியமே இல்லை என்று அலுத்துக்கொள்ளும் ரசிகர்கள், இரண்டாம் இடத்தைக் கவனிப்பது நல்லது.

லீக் வெற்றியாளருக்கு ஆசியாவின் முதல்நிலை கிளப் போட்டி, எஃப்ஏ கிண்ண வெற்றியாளருக்கு அடுத்த நிலை. 2023-இல் இரண்டையும் ஜேடிடியே அள்ளியதால், லீக்கில் இரண்டாவதாக வந்த சிலாங்கூர், கிண்ணம் ஏதும் இல்லாமலேயே 2024/25 ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் 2-இல் களமிறங்கியது.

இந்த இடம் சாதாரணமல்ல. 2021 மலேசியக் கிண்ணத்தை வென்று ஆசியாவுக்குப் போன கோலாலம்பூர் சிட்டி, 2022-இல் ஏஎஃப்சி கிண்ண இறுதியாட்டம் வரை முன்னேறியது.

ஆனால் புள்ளிகள் மட்டும் போதாது. கிளப் உரிமமும் வேண்டும். அதற்குக் கணக்குகளையும் சம்பளப் பாக்கியையும் துருவிப் பார்ப்பார்கள். ஆட்டக்காரர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் தராத அணி, திடலில் வென்றாலும் அலுவலக மேசையில் தோற்றுவிடும்.