கூத்துக்காரருக்கு எதற்கு பி.எட்.?

'பி.எட். இல்லாத கூத்துக்காரருக்கு வகுப்பறையில் என்ன வேலை? கலைத் திருவிழா போதாதா?' என்று கேட்கிறார், கூத்துக் கலைஞரைப் பள்ளிக்கு அழைப்பதை எதிர்த்து எழுதிய ஒரு கட்டுரையாளர். 2022 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நடக்கும் அந்தத் திருவிழா நல்லதுதான். ஆனால் அது போட்டி. ஏற்கெனவே ஆடத் தெரிந்த பிள்ளைதான் மேடையேறும்.

கர்ண மோட்சம் கூத்தில் மனைவி பொன்னுருவி கர்ணனின் பிறப்பைக் குத்திக்காட்டும் இடத்தைக் கலைஞர் வகுப்பில் ஆடிக்காட்டட்டும். அடுத்த அரைமணி நேரம் சாதியைப் பற்றிப் பேசத் தமிழாசிரியருக்கு வேறென்ன வேண்டும்? கூத்தின் கோமாளியான கட்டியங்காரனின் நக்கல் கலைஞருக்குத்தான் வரும். அந்த நக்கல் எந்தப் பிள்ளையைச் சுடும் என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும். முன்கூட்டியே இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கலைஞரைக் காட்டி ஓவிய, இசை ஆசிரியர் பணியிடங்களை அரசு காலியாக விடக்கூடாது என்பது நியாயம். ஆனால் 2012-இல் அமர்த்தப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் பணிநிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்களே, அதற்கும் கூத்துக்காரரா காரணம்?